உப்பிட்டவர்

கும்பகோணத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், திருநாகேசுவரத்தை ஒட்டியிருக்கும் ஒப்பிலியப்பன் சந்நிதியில் முதன்முறையாகப் பிரசாதம் வாங்கி உண்ட அன்று எனக்கு நேர்ந்த அனுபவத்தை ருசி என்றும் சொல்வதற்கில்லை, ருசியின்மை என்றும் சொல்வதற்கில்லை. தொன்னையில் இருந்தது புளியோதரை. புளிப்புக்குக் குறைவில்லை, மிளகாயின் காரமும் நல்லெண்ணெயின் மணமும் தத்தம் இடத்தில் நின்றன, ஆனாலும் முதல் கவளம் உள்ளே போனதும், மாப்பிள்ளை வந்து சேராத கல்யாணப் பந்தலைப் போல, நாக்கு எதையோ எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோயிலின் மடைப்பள்ளியில் பெருமாளுக்குச் செய்கிற எதிலும் உப்பு சேர்ப்பதில்லை என்பதைச் சிறு வயதிலிருந்தே கேள்விப்பட்டிருந்தும், காதால் கேட்பதற்கும் நாவால் அறிவதற்கும் இடையே இத்தனை தூரம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

ஸ்தல புராணம் பலரும் அறிந்ததே. மார்க்கண்டேய மகரிஷி துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்து வளர்த்த பெண் பூமிதேவி. அவளைக் கேட்டு வந்து நின்றவரோ கிழவர். மறுக்க அஞ்சிய முனிவர், இவள் சிறு பெண், சமையலில் உப்பிடக்கூடத் தெரியாதவள் என்று ஒரு சாக்கைச் சொல்ல, அப்படியானால் உப்பில்லாத உணவே எனக்குப் போதும் என்று வந்தவர் பதில் சொல்லிவிட்டார். ஒப்பில்லாதவன் என்னும் திருநாமத்திலிருந்து கதை பிறந்ததா, கதையினால் நாமம் உப்பிலி என்று திரிந்ததா என்பதை ஆராய்வது பண்டிதர்கள் பாடு. என் மனம் போய் நின்ற இடம் வேறு. சகல ஐசுவரியங்களுக்கும் நாயகனானவன், ஒரு பெண்ணின் பொருட்டு எதையேனும் துறக்கிறேன் என்று வந்தபோது, துறப்பதற்கென்று எடுத்துக்கொண்ட பொருள் பொன்னும் அன்று, நெய்யும் அன்று. அடுப்படி மூலையில் கரி படிந்த மரவையில் கிடக்கிற உப்பு. அதைத் துறப்பது ஒரு தியாகம் என்று கதை செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை.

வீடுகளில் உப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது குற்றச்சாட்டாகவே எழும். குழம்பு நன்றாக இருக்கிற நாளில் புளியையும் வறுத்து அரைத்த பக்குவத்தையும் ஒருவேளை புகழ்வோமே தவிர, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லி எழுந்தவரை நான் பார்த்ததில்லை. என் தாயார் சமைத்தது சுவாமிக்கு நைவேத்தியம் ஆகுமுன் ருசி பார்க்கும் வழக்கம் இல்லாத வீடு. ஆகவே உப்பின் அளவை நாக்கால் அறியும் வசதி அவருக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை. மரவையிலிருந்து கல் உப்பை அள்ளி, உள்ளங்கையில் ஒரு க்ஷணம் நிறுத்தி, கட்டைவிரலால் இரண்டு கல்லை மரவைக்கே தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கொதிக்கிற குழம்பில் இடுவார். அந்த இரண்டு கல்லின் கணக்கை அவர் எங்கே கற்றார் என்று நாங்கள் கேட்டதில்லை. 40 ஆண்டுகளுக்கு மேல், நாளைக்கு இரண்டு வேளை, அந்தக் கணக்கு பிசகாமல் நடந்தது. பிசகிய ஒன்றிரண்டு நாட்களில் மட்டும், “இன்னிக்கு உப்பு ஒரு கல் குறைச்சல்” என்று என் தந்தையார் இலையைப் பார்த்தபடி சொல்வார். தாயாருக்கு வயதாகி ஞாபகம் தடுமாறத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் ரசத்தில் இருமுறை உப்பு விழுந்துவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. நான் நிமிர்ந்து தந்தையாரைப் பார்த்தேன். அவர் சாதத்தை இன்னும் கொஞ்சம் இட்டுக்கொண்டு, அவசரமின்றிப் பிசைந்து, முழுவதையும் உண்டு முடித்து, வழக்கத்துக்கு மாறாக இரண்டு தம்ளர் மோர் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்தவரையில் அந்த வீட்டில் உப்பைப் பற்றிய பேச்சே எழவில்லை.

நித்தியமும் நம் கைக்கு வந்து சேர்கிற நன்மைகளை நாம் ஏன் உணர்வதில்லை என்னும் கேள்விக்கு உபந்நியாசகர்கள் சாதாரணமாகச் சொல்லும் விடை ஒன்றுண்டு: கால் இல்லாதவனைப் பார், செருப்பு இல்லையே என்கிற உன் வருத்தம் போய்விடும். இதை நான் எத்தனை முறை கேட்டிருந்தாலும் என் மனம் ஒப்பியதில்லை. பிறனுடைய துன்பத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து நம் சுகத்தை நிறுத்துப் பார்த்துத் திருப்தி அடைவது தப்பித்தவனின் நிம்மதியே அல்லாது நன்றியாகாது. அதில் கொஞ்சம் குரூரமும் கலந்திருக்கிறது. கால் இல்லாதவன் இவ்வுலகில் இருப்பது எனக்குச் செருப்பின் அருமையைப் போதிப்பதற்காக அன்று.

இன்னொரு சாரார், நன்றி என்பது நெஞ்சு நெகிழும் ஒரு பாவம் என்றும், அதை முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நெகிழ்ச்சி முயற்சியினால் வருவதாக இருந்தால் உலகத்தில் இத்தனை வறண்ட நெஞ்சுகள் இருக்க நியாயமில்லை. நம் பாஷையோ வேறு ஒரு வழியைக் காட்டுகிறது. வள்ளுவர் தம் நூலின் பதினோராவது அதிகாரத்துக்கு இட்ட பெயர் செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை, நமக்குரிய காரியமோ அறிதல். வடமொழியிலும் அப்படியே: கிருதஜ்ஞன் என்றால் செய்யப்பட்டதை அறிந்தவன் என்றுதான் அர்த்தம். அதற்கு எதிர்ப்பதம் அறியாதவன் என்று இருக்கும் என நினைப்போம். இல்லை, கிருதக்னன், அதாவது செய்யப்பட்டதைக் கொன்றவன். வள்ளுவரும் இந்த இடத்தில் கொல்லுதல் என்ற வினையையே ஆள்கிறார் என்பதையும், பிற பாவங்களுக்கெல்லாம் பிராயச்சித்தம் சொன்ன முன்னோர் இதற்கு மட்டும் கிடையாது என்று கைவிரித்துவிட்டதை வான்மீகத்தின் கிஷ்கிந்தா காண்டத்திலும் புறநானூற்றிலும் காணலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரு மொழிகளும் ஒரே விஷயத்தை நமக்குச் சொல்ல முயல்கின்றன என்று தோன்றுகிறது. அறிகிறவரைக்கும் அந்த நன்மை உயிரோடு இருக்கிறது. அறியாமற்போனால் அது செத்துப்போகிறது. ஆகவே நம்முடைய குறை நெஞ்சின் கடினம் அன்று, வெறும் அறியாமையே. உணர்ச்சியைத் தேடி அலைவதை விட்டுவிட்டுச் சோற்றில் கிடக்கிற உப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது மேல்.

அப்படி விசாரிக்கப் போனவன்தான் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள். நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. கடல்நீரானாலும் ஆழ்துளையிலிருந்து இறைக்கும் உவர்நீரானாலும் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் சுண்டிக்கொண்டே வரவேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் 35 கிராம் அளவிலான உப்புகளில் முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கிவிட, நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகே நாம் உண்ணும் உப்பு படிகமாக விழத் தொடங்குகிறது. அத்துடன் நிறுத்தத் தெரியவேண்டும். இன்னும் கொஞ்சம் காயவிட்டால் கசக்கிற மக்னீசிய உப்புகளும் உடன் இறங்கிவிடும் என்பதால், மிஞ்சிய நீரைத் தக்க சமயத்தில் வடித்துவிட வேண்டும். வானம் பாதி வேலையைச் செய்கிறது என்றால், மறுபாதியைச் செய்வது மனிதக் கால்கள். பாத்தியின் தரை இறுகும் வரை அதை மிதித்துப் பதப்படுத்துவதும், படிந்த உப்பை உடைத்து வாரி வரப்பில் குவிப்பதும், கூடையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுவதும் அந்தக் கால்களின்மேல் நின்றே நடக்கின்றன. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சேலைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வரிசையாகச் சுமை எடுத்துப் போனார்கள். காலை எட்டு மணிக்கே அந்த வெண்மை என் கண்ணைக் குத்தியது. ராஜம் கிருஷ்ணன் இந்த ஜனங்களின் வாழ்க்கையை ‘கரிப்பு மணிகள்’ என்ற நாவலாக எழுதினார். அதைப் படித்துவிட்டுப் போனவன்தான் நான். படித்திருந்தும், கரிப்பு என்பது காற்றில் வந்து உதட்டில் படியும் என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன்.

சுமையை இறக்கிவிட்டுச் சற்றே நின்ற ஒரு வயதான அம்மாள் என்னைப் பார்த்து, “வெயிலுக்குள்ள என்னத்தய்யா பாக்க வந்திய?” என்றார். உப்பு விளைவதைப் பார்க்க வந்தேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, பேச்சுக்குப் பேச்சாக, இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டு வைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதனுக்கு இதைவிட மரியாதையான கேள்வி தெரியாது. அந்த அம்மாளின் முகம் மாறியது. “மழ பெஞ்சா ஊருக்கு நல்லதுதான்யா. எங்களுக்கு அடுப்பு எரியாதுல்லா” என்றார்.

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த நூலைப் படித்தும், மழையைப் போற்றித் தொடங்கும் காப்பியத்தைக் கேட்டும் வளர்ந்த எனக்கு, ஐப்பசியில் முதல் இடி கேட்டால் கை தானே குவியும். அதே இடியைக் கேட்டுத்தான் உப்பளத்தில் வேலை நின்றுபோகிறது. பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பு ஒரு பெருமழையில் வந்த வழியே கரைந்து போய்விடுகிறது. என் இலையில் சோறும் உப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சோறு மழையைக் கேட்டு விளைந்தது, உப்பு மழையை அஞ்சி விளைந்தது. ஒரே வானத்தைப் பார்த்து ஒருவன் வா என்கிறான், ஒருத்தி வராதே என்கிறாள். இரண்டு பிரார்த்தனைகளின் பலனையும் சேர்த்துப் பிசைந்து உண்கிற நான் எந்தப் பிரார்த்தனைக்காக நன்றி செலுத்துவது? நன்மை என்று நாம் பெறுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்யும். இதை அவிழ்க்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. ஆனால் முடிச்சு இருப்பதைக் காணாமல், மழைக்காக மட்டும் மனம் நெகிழ்ந்து நின்ற என் பழைய நன்றி, பாதி குருடாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

யாருக்கு நன்றி சொல்வது என்ற கேள்விக்குச் சமயங்கள் பலவாறாக விடை சொல்லும். என் முன்வினைப் பயனை நான் அனுபவிக்கிறேன் என்று கர்ம சித்தாந்தத்தைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டால், நன்றிக்கே அங்கே இடமில்லை. என் சொத்தை எனக்குக் கொடுத்தவனுக்கு நான் ஏன் கும்பிடு போடவேண்டும்? எல்லாம் அவன் கிருபை என்றால், காரணம் கருதாமல் பொழிகிறவனுக்கு நம் நன்றி எதற்கு என்ற ஆட்சேபம் வரும்; வைஷ்ணவ ஆசாரியர்கள் குரங்கின் குட்டியையும் பூனையின் குட்டியையும் உவமையாக வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நடத்திய வாதம் ஏறக்குறைய இந்த இடத்தைச் சுற்றியதுதான். வேதம் இவற்றையெல்லாம் விட லௌகிகமான ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டது: கடன். ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது தைத்திரீய சம்ஹிதையின் கணக்கு. சதபத பிராம்மணம் சக மனிதர்களையும் சேர்த்து நான்காக்கிற்று. கீதையின் மூன்றாம் அத்தியாயமோ, பெற்றதைத் திருப்பிக் கொடாமல் தானே அனுபவிப்பவனைத் திருடன் என்றே அழைக்கிறது. எனக்கு இந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது. கடன்காரன் உருக வேண்டியதில்லை. பற்று வரவு ஞாபகம் இருந்தால் போதும்.

இந்த நான்காவது கடனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1930ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, சுமார் 240 கிலோமீட்டர் நடந்து, 28ஆம் தேதி வேதாரணியம் போய்ச் சேர்ந்த தொண்டர்கள் ஏறக்குறைய நூறு பேர். இவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு என்று தஞ்சாவூர்க் கலெக்டர் உத்தரவு போட்டிருந்தார். வீட்டுக்குள் அழைத்து இலை போடுவதுதானே குற்றம்? ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உப்பின்மீது விதித்த வரியை எதிர்த்து நடந்தவர்கள், உப்பிட்டவர் இன்னார் என்றே அறியாமல் மரத்திலிருந்து எடுத்து உண்டுவிட்டு நடந்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த நாட்டில், முகம் தெரியாத உப்பிட்டவர்களை அவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். 1947இல் வரி போயிற்று. அதன் பிறகு உப்பு மிகவும் மலிவாகி, கடையைப் பூட்டிக்கொண்டு போகிறவன்கூட உப்பு மூட்டையை மட்டும் வெளித் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போகும் காட்சி எங்கள் கடைத்தெருவில் சகஜமாயிற்று. திருடனும் சீந்தாத பொருள் என்ற அந்தஸ்தை அடைந்துவிட்டது அது.

நம் உடம்பு மட்டும் அதை அவ்வளவு அலட்சியமாக நினைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸலைன் பாட்டிலில் இருப்பது வேறொன்றும் அன்று, லிட்டருக்கு 9 கிராம் உப்பைக் கரைத்த சுத்தமான நீரே. நம் ரத்தத்தின் கரிப்போடு ஒத்துப்போகும் கரிப்பு அது. 1971இல், எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்துப் பன்காவ்ன் முகாமில் காலராவினால் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தபோது, ஸலைன் கையிருப்புத் தீர்ந்துவிடவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் நீரில் கலந்து வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவை எட்டியிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கிற்று. அடுப்படியில் நாம் கண்ணெடுத்தும் பாராத பொருள்கள்தான். அவற்றைக் கொண்டு எமனைத் திருப்பி அனுப்பலாம் என்பதை ஒருவர் அறிந்து செயல்பட வேண்டியிருந்தது.

சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் கொஞ்சம் உப்பைக் கொடுத்து இரவில் நீரில் போட்டு வைக்கச் சொல்கிறார். காலையில் அந்த உப்பை எடுத்து வா என்கிறார். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மேலிருந்து பருகிப் பார், நடுவிலிருந்து பருகிப் பார், அடியிலிருந்து பருகிப் பார் என்று சொல்ல, எங்கும் உப்பே என்று பையன் சொல்கிறான். காணாமல் எங்கும் நிறைந்திருப்பது எதுவோ அதுவே நீ என்ற மகாவாக்கியத்துக்கு அந்த நீர் பீடிகை ஆயிற்று. வேதாந்திகள் அந்த உப்பிலிருந்து பிரம்மத்துக்குத் தாவிவிடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகாமல் பாத்திரத்தின் அருகிலேயே நின்றுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று சொல்லாதே, பருகிப் பார் என்றாரே, அந்த ஆசிரியர், அந்த ஒன்றே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். உள்ளதை நினைத்துத் திருப்தியாக இரு என்னும் உபதேசம் சாப்பிடுகிறவன் வாயிலிருந்து விளைவிக்கிறவன் காதுக்குப் போகும்போது, அதைப் போல் சௌகரியமான அநியாயம் வேறில்லை. கடன் என் பக்கத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் உப்பு வாரியவளிடம் போய், சூரியனுக்கு நன்றி சொல்லு தாயே என்று போதிக்கும் உரிமை, நிழலில் உட்கார்ந்து உண்கிற எனக்குக் கிடையாது. அவளுக்குரிய கூலி சரியாகப் போய்ச் சேருகிறதா, காலுக்கு ரப்பர் செருப்பும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கொடுக்கிறார்களா என்று கேட்பதுதான் அந்த அறிதலின் அடுத்த படியாக இருக்கமுடியும்.

தூத்துக்குடியிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். தோளில் கிடந்த என் துண்டை வாங்கி விரித்து, குவியலின் உட்பக்கத்திலிருந்து இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு, “கஞ்சிக்குப் போட்டுக்கிடுங்கய்யா, நல்ல உப்பு” என்று சொல்லி முடிந்து கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். ரயில் மணியாச்சியைத் தாண்டிய பிறகுதான் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து முடிச்சைச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் துண்டு உதறி நனைத்துப் போடப்பட்டிருந்தது. உப்பை எங்கே என்று கேட்டேன். “ஜாடியிலே கொட்டிட்டேன், ஏன்?” என்றாள் என் மனைவி. எட்டிப் பார்த்தேன். கடையில் வாங்கிய கல் உப்பு பாதி ஜாடிக்கு முன்பே இருந்தது.